நாசகாரிச் சிப்பி

முப்பத்தாறு மார் நீளம்.
மூன்றரை மார் அகலம்.
கயிற்றில் முடிச்சுப் போட்டு
நான்கு முழுக்கில் அளந்தேன்.
வள்ளத்திலிருந்து தொபியாஸ்
முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

பத்துக்கு ஒன்று.
இந்தக் கணக்கில் எங்கள் கரையில்
எவனும் வள்ளம் பணியமாட்டான்.
பணிந்தால் முதல் திரையிலேயே கவிழும்.
நிற்பதற்கல்ல,
ஓடுவதற்கென்று வெட்டிய உடம்பு.

கடியபட்டணத்துப் பாறைக்கு மேற்கே
ஆறு மார் ஆழத்தில் கிடக்கிறாள்.
புத்தகத்தில் இந்தச் சாதிக் கப்பலுக்கு
நாசகாரி என்று போட்டிருக்கிறது;
சந்தையில் கூடை தட்டிப்போனால்
பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விளிக்கிற பேர்.
சொந்தப் பேர் பித்தளையில் இருந்திருக்கும்.
பித்தளை எதுவும் இங்கே நிலைக்காது.

எதற்கு வந்தாள்?
மணவாளக்குறிச்சிக் கருமணலுக்குக் காவல் என்கிறான் தொபியாஸ்.
வழி தவறினாள் என்கிறார்கள் சங்கத்தில்.

தகடு சிரட்டைக் கனம்.
பல இடங்களில் அதுவும் இல்லை.
குண்டைத் தாங்கக் கட்டவில்லை;
குண்டு வந்து சேருமுன்
போய்விட வேண்டும் என்பதுதான் யோசனை.

முன்தளம் ஆமை முதுகாய் வளைந்திருக்கிறது.
ஏறுகிற திரை வழிந்தோட வழி விட்டார்கள்.
அடியில் தூங்கினவன்
நனையாமலிருக்க வழி விடவில்லை.

கொதிகலன் நான்கு.
ஒவ்வொன்றிலும் மேலே ஓர் உருளை, கீழே இரண்டு,
நடுவே நூறு நூறாகக் குழாய்கள்
ஓலை பிரித்த கூரையின் கைமரம்போலச் சரிந்து.
உடம்பில் பாதி நெருப்புக்கு.
மீதியில் கரி.
அதில் மீதியில் டார்பிடோ.
மிஞ்சினதில் எழுபது ஆள்.

கரி வாரினவன் நின்ற இடத்தில்
நானும் நின்று பார்த்தேன், மூச்சு இருந்தவரை.
முதுகில் ஒரு கதவு,
நெஞ்சுக்கு நேராக ஒரு கதவு.
ஐம்பது எண்ணி மேலே வந்துவிட்டேன்.
அவன் நான்கு மணிநேரம் நின்றிருப்பான்.

கோயில் ஏட்டில்
பதினேழாம் ஆண்டு ஆனியில்
அன்றைய சாமியார் எழுதியது:
கடல் தந்த உடல் ஒன்று.
இமைக்குள்ளும் கரி.
மதம் தெரியவில்லை. மண் கொடுத்தோம்.

ஒன்று என்றால் மற்றவர்கள்?
முட்டம் விளக்கு அன்றிரவு எரிந்ததா?
ஏட்டில் அடுத்த வரி ஒரு ஞானஸ்நானம்.
பெண் குழந்தை, தோமாசம்மாள்.

போன வருஷம் தொபியாஸ்
அவளுடைய விசிறியை அறுத்துக் கொண்டுபோய்
குளச்சல் ஆக்கர்க் கடையில் போட்டான்.
வெண்கலம், கிலோக் கணக்கு.
அவன் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வந்தது.
ஒரு வாரம் அவனோடு எனக்குப் பேச்சில்லை.
பிறகு வள்ளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

நான் எடுப்பது சிப்பி மட்டும்.
கொதிகலன் மேல்தான் கொழுத்தது இருக்கும்;
முழுக்குக்கு முப்பது, நாற்பது.
கரிக்கதவுக்குள் ஒரு கிழட்டுக் கலவாய்
என்னைப் பார்த்தும் நகராமல் கிடக்கும்.

பிலோமி சந்தையில் கூவுவாள்:
நாசகாரிச் சிப்பி, நாசகாரிச் சிப்பி!
கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.
மிஞ்சுவதை ராத்திரி வீட்டில் அவிப்போம்.

குட்டுவத்தின் மூடி துள்ளுகிறது.
நூறு வருஷம் கழித்து
அவள் பேரில் மறுபடியும் நீராவி,
அடுக்களை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது.
பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்தாயிற்று.
சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கின்றன.

திறக்காததைத் தின்னக்கூடாது.
பிலோமி தனியே எடுத்து வைக்கிறாள்.
இன்றைக்கு ஏழு.
குப்பையில் போடப் போனவனைத் தடுத்து,
காலையில் போகும்போது
அங்கேயே கொண்டு போட்டுவிடு என்றாள்.
ஏன் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

போட்டேன்.
ஆறு மார்தான்,
ஆனாலும் மெதுவாகத்தான் இறங்கின.